ஆய்வகத்தை எழுப்பும் வேலை

செமஸ்டர் தேர்வு முடிந்து மாணவர்கள் ஊருக்குக் கிளம்பியதும் பொறியியல் கல்லூரிகளின் கணினி ஆய்வகங்களுக்கு வேலை வந்துவிடும். அடுத்த பருவத்தில் எந்தப் பாடத்துக்கு என்ன மென்பொருள் வேண்டும் என்று துறைத் தலைவர்கள் பட்டியல் கொடுப்பார்கள். மேட்லேப், ஆட்டோகேட், பைத்தான், ஆரக்கிள் என்று அது நீளும். ஏதாவது ஓர் ஆன்லைன் தேர்வுக்குக் கல்லூரி மையமாகியிருந்தால் அதற்குத் தனி நிபந்தனைகள். ஒரு லேபில் 60 கணினிகள். அப்படி மூன்று லேப். ஒவ்வொன்றிலும் விண்டோஸ் போட்டு, டிரைவர் ஏற்றி, பட்டியலில் உள்ளதையெல்லாம் நிறுவினால் ஒரு கணினிக்கே அரை நாள் போய்விடும். விடுமுறையோ இரண்டு மூன்று வாரம்தான்.

அதனால் யாரும் அப்படிச் செய்வதில்லை. ஒரே ஒரு கணினியை மாஸ்டராக முழுதாகத் தயார்செய்து, அதன் வட்டை அப்படியே பிரதி எடுத்து, மற்ற கணினிகளில் இறக்கிவிடுவார்கள். இமேஜிங் என்று இதற்குப் பெயர். 1990-களின் நடுவில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மரே ஹசார்ட் உருவாக்கிய கோஸ்ட் என்ற மென்பொருள் இந்த வழியை உலகெங்கும் பரப்பியது. 1998-ல் சைமன்டெக் அதை வாங்கியது. இன்றைக்கு எந்த மென்பொருளில் செய்தாலும் நம் லேப் ஆட்கள் 'கோஸ்ட் போடணும்' என்றுதான் சொல்கிறார்கள்.

கொங்குப் பகுதிக் கல்லூரி ஒன்றில் சிஸ்டம் அட்மினாக இருக்கும் நண்பர் இந்த வேலைக்கு வந்த காலத்தில் கோஸ்ட் சிடியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து எழுவார். பிறகு சிடி பென்டிரைவ் ஆனது; உட்கார்ந்து எழுவது நிற்கவில்லை. இப்போது அவரிடம் இருப்பது ஃபாக் என்ற இலவச மென்பொருள். சக் சிபர்ஸ்கி, ஜியான் ஜாங் இருவரும் 2007-ல் தொடங்கியது. பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு ஃபாக் சர்வராக்கிவிட்டார். தன் அறையில் உட்கார்ந்தபடி லேபில் உள்ள கணினிகளை எழுப்ப வேண்டும். எழுந்த கணினி வட்டைத் தொடாமல் நெட்வொர்க் கேபிள் வழியே பூட் ஆக வேண்டும். சர்வரிலிருந்து இமேஜை வாங்கித் தன் வட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். எல்லாம் சரியாக அமைந்தால் மாலையில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம், காலையில் வந்தால் லேப் தயார்.

சரியாக அமைவதுதான் பெரிய வேலை. அதில் அவருக்கு இருக்கும் தேர்ச்சியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பழுது என்றதும் கேபிளை மாற்று, சர்வரை ரீஸ்டார்ட் செய், பயோஸை ரீசெட் செய் என்று மூன்றையும் ஒன்றாகச் செய்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது. சரியாகிவிட்டாலும் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும் என்பார். கணினிக்கும் சர்வருக்கும் நடக்கும் பேச்சு எந்த வரியில் நின்றது என்று முதலில் பார்ப்பார். அந்த வரி தெரியும்வரை எதிலும் கை வைக்க மாட்டார்.

அந்தப் பேச்சு எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நெட்வொர்க் வழியே பூட் ஆவதற்கான பிஎக்ஸ்இ என்ற விதிமுறையின் 2.1-ஆம் பதிப்பை இன்டெல் 1999 செப்டம்பரில் வெளியிட்டது. இன்றும் பெரும்பாலும் அதுதான் நடப்பில் இருக்கிறது. அது உட்கார்ந்திருப்பதோ அதைவிடப் பழைய அடித்தளங்களின் மேல். கோப்பை அனுப்பும் டிஎஃப்டிபி 1980-களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. கணினிக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபி 1993-ல் வந்தது. கணினி உயிர்பெற்றதும் அதன் நெட்வொர்க் கார்டு, முகவரி கொடுக்க யார் இருக்கிறீர்கள் என்று எல்லாருக்கும் கேட்கும்படி அறிவிக்கும். தான் பிஎக்ஸ்இ கணினி என்பதையும், பழைய பயோஸா புதிய யூஇஎஃப்ஐ-யா என்பதையும் அந்த அறிவிப்பிலேயே சொல்லிவிடும். டிஎச்சிபி சர்வர் ஒரு முகவரியும், எந்த சர்வரில் எந்தக் கோப்பை வாங்க வேண்டும் என்ற தகவலும் கொடுக்கும். கணினி அந்தக் கோப்பை டிஎஃப்டிபி வழியே வாங்கி ஓட்டும். ஃபாக் பயன்படுத்தும் ஐபிஎக்ஸ்இ என்ற சிறு நிரல்தான் அந்தக் கோப்பு. அது எழுந்ததும் மறுபடி முகவரி கேட்கும். பிறகு லினக்ஸ் கெர்னலை இறக்கும். கெர்னல் எழுந்து மூன்றாவது முறையாக முகவரி கேட்கும். அதற்குப் பிறகுதான் இமேஜ்.

ஒரே கணினி ஒரே பூட்டில் மூன்று முறை முகவரி கேட்கிறது. இதை அறியாமல்தான் பலர் நாள்கணக்கில் திணறுகிறார்கள்.

திரையில் வரும் பிழை எண்களை அவர் தன் அறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார். இ61 என்றால் கேபிளிலேயே இணைப்பு இல்லை. இ51 என்றால் முகவரி கொடுக்க ஆளே வரவில்லை. இ53 என்றால் முகவரி வந்தது, கோப்பின் பெயர் வரவில்லை. இ32 என்றால் கோப்பின் பெயரும் வந்தது, டிஎஃப்டிபி சர்வர் பதில் சொல்லவில்லை. யூஇஎஃப்ஐ கணினிகளில் இதே கதையை இ16, இ18 என்று வேறு எண்கள் சொல்லும். "எண்ணை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்க சார், மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று லேப் அசிஸ்டென்டுகளிடம் சொல்லி வைத்திருக்கிறார். கல்லூரியில் பாதிப் பேர் 'நெட் வரலை' என்ற ஒரே வாக்கியத்தில் இந்த நான்கையும் அடக்கிவிடுகிற சூழ்நிலையில் அது பெரிய முன்னேற்றம்.

ஒரு விடுமுறையில் இரண்டாவது லேபிலிருந்து இ53 வந்தது. வேடிக்கை என்னவென்றால் எல்லாக் கணினியிலும் வரவில்லை. வந்த கணினியிலும் எப்போதும் வரவில்லை. காலையில் பத்து கணினிகள் ஒழுங்காக இமேஜ் வாங்கின. பதினொன்றாவது நின்றது. அதையே மறுபடி போட்டால் ஓடியது. இப்படி விட்டு விட்டு வரும் பழுது வந்தால் ஹார்டுவேர் என்று முடிவுகட்டி கார்டை மாற்றச் சொல்வார்கள். அவர் திரையை உற்றுப் பார்த்தார். பிழைக்கு மேலே கணினிக்குக் கிடைத்த முகவரி இருந்தது: 192.168-ல் தொடங்குகிறது. கல்லூரி நெட்வொர்க்கின் முகவரிகள் எல்லாம் 10-ல் தொடங்குபவை.

மடிக்கணினியை அதே சுவிட்சில் செருகி நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து, டிஎச்சிபி என்று மட்டும் வடிகட்டிவிட்டு, கணினியை ஆன் செய்யச் சொன்னார். கேள்வி ஒரு வரி. அடுத்த நொடிக்குள்ளேயே ஒரு பதில், 192.168.0.1-லிருந்து. அதற்குப் பிறகு இன்னொரு பதில், கல்லூரியின் டிஎச்சிபி சர்வரிலிருந்து. கொடுக்கப்போகும் முகவரி வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று பிங் செய்து பார்த்துவிட்டுத்தான் கல்லூரி சர்வர் பதில் சொல்லும். அந்தத் தாமதத்தில் அறியாத ஒரு பெட்டி முந்திக்கொண்டது. அதற்குப் பூட் கோப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. முகவரியைக் கொடுத்தது, கோப்பின் பெயரைக் கொடுக்கவில்லை. இ53 சொன்னதும் அதைத்தான்.

அந்தப் பெட்டியைத் தேடிய விதத்தையும் சொல்லலாம். பதில் வந்த பாக்கெட்டில் அதன் மேக் முகவரி, அதாவது நெட்வொர்க் கார்டின் அடையாள எண், இருந்தது. சுவிட்சில் நுழைந்து, இந்த மேக் எந்தப் போர்ட்டில் தெரிகிறது என்று கேட்டார். மாடியில் உள்ள இன்னொரு சுவிட்சுக்குப் போகும் போர்ட் என்றது. அங்கே கேட்டதில் ஆசிரியர் அறையின் போர்ட் வந்தது. மேசைக்கு அடியில் ஒரு வைஃபை ரூட்டர். அறைக்குள் சிக்னல் வரவில்லை என்று ஓர் ஆசிரியர் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்தது. அவர் மேல் தவறில்லை. வைஃபை கேட்டு எழுதிக் கொடுத்த கடிதம் அலுவலகத்தில் கிடக்கிறது. சுவரிலிருந்து வந்த கேபிளை வேன் துளையில் செருகாமல் லேன் துளையில் செருகியிருந்தார், அவ்வளவுதான். நண்பர் ரூட்டரைப் பிடுங்கிக்கொண்டு வரவில்லை. கேபிளை மாற்றிச் செருகிக் கொடுத்தார். பிறகு சுவிட்சுகளில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்ற வசதியை இயக்கினார். நம்பகமான போர்ட் தவிர வேறு எங்கிருந்து முகவரி வழங்கப்பட்டாலும் சுவிட்சே அதைத் தடுத்துவிடும்.

இதைவிட நுட்பமான பழுது ஒன்று உண்டு. இந்தத் தொழிலில் உள்ள எவரும் ஒருமுறையாவது அதில் மாட்டியிருப்பார்கள். பிஎக்ஸ்இ முகவரி வாங்கிவிடும், கோப்பையும் இறக்கிவிடும். ஐபிஎக்ஸ்இ எழுந்து அதே டிஎச்சிபி சர்வரிடம் முகவரி கேட்டால் பதில் வராது. ஒரு நிமிடத்துக்கு முன்பு பேசிய சர்வர் இப்போது ஏன் பேசவில்லை?

காரணம் சுவிட்சில் இருக்கிறது. சுவிட்சுகளை இரண்டு வழியில் இணைத்துவிட்டால் பாக்கெட்டுகள் சுற்றிச் சுற்றி வந்து நெட்வொர்க்கையே முடக்கிவிடும். அதைத் தடுக்க 1985-ல் டெக் நிறுவனத்தில் ராடியா பெர்ல்மன் உருவாக்கியது ஸ்பேனிங் ட்ரீ. ஒரு போர்ட்டில் இணைப்பு வந்தால் அது உடனே வழிவிடாது. 15 நொடி கவனிக்கும், 15 நொடி கற்கும், ஆக 30 நொடி கழித்துத்தான் திறக்கும். பிஎக்ஸ்இ விதிமுறையில் முதல் கேள்விக்கு 4 நொடி, அடுத்து 8, 16, 32 என்று மொத்தம் ஒரு நிமிடம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் அது எப்படியோ தப்பித்துவிடும். ஐபிஎக்ஸ்இ எழும்போது நெட்வொர்க் கார்டை மறுபடி தொடங்கும். இணைப்பு ஒரு கணம் அறுந்து திரும்ப வரும். சுவிட்சோ புதிதாக யாரோ வந்திருக்கிறார்கள் என்று மறுபடி 30 நொடிக் கணக்கைத் தொடங்கிவிடும். ஐபிஎக்ஸ்இ-க்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கெர்னல் எழும்போதும் இதே கதை.

இதைக் கண்டுபிடிக்க அவர் செய்யும் சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கடையில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஐந்து போர்ட் சாதாரண சுவிட்ச் ஒன்றை எடுத்துச் சுவர் போர்ட்டுக்கும் கணினிக்கும் நடுவில் வைப்பார். ஒரு நிமிடம் விட்டுவிட்டுக் கணினியை ஆன் செய்வார். இப்போது கணினியின் கார்டு எத்தனை முறை அறுந்து வந்தாலும் பெரிய சுவிட்சுக்குத் தெரியாது. அதன் பக்கம் இணைப்பு அறுபடவே இல்லை. கணினி ஒழுங்காக பூட் ஆகிவிட்டால் விடை கிடைத்துவிட்டது. பெரிய சுவிட்சில் கணினிகள் இருக்கும் போர்ட்டுகளுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் என்ற வசதியைக் கொடுத்துவிட வேண்டும். சுவிட்சுகளை இணைக்கும் போர்ட்டுகளுக்குக் கொடுத்துவிடக் கூடாது. அந்தச் சின்ன சுவிட்ச் அவர் பையில் எப்போதும் இருக்கும். அவரிடம் வேலை பழக வந்த இளைஞருக்கு முதலில் வாங்கிக் கொடுத்ததும் அதுதான்.

டிஎஃப்டிபி பழுதுகள் அவ்வளவு சுவாரசியமானவை அல்ல. இ32 வந்தால் பெரும்பாலும் ஃபயர்வால். கேள்வி 69-ஆம் போர்ட்டுக்குப் போகும், பதில் வேறு ஏதோ ஒரு போர்ட்டிலிருந்து வரும். ஃபயர்வால் அதை வெளியார் என்று நினைத்து நிறுத்திவிடும். வேகமும் குறைவுதான். வழக்கமாக 512 பைட் அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்தது என்ற பதிலுக்குக் காத்திருக்கும். 1 எம்பி கோப்புக்கு 2,048 முறை இப்படி. ஐபிஎக்ஸ்இ எழுந்தபின் எச்டிடிபி வழியே கெர்னலை இறக்குவதால் அது பெரிய தொல்லையாக இல்லை.

புதிய கணினிகள் வந்தபோது இன்னொரு சிக்கல் வந்தது. பழைய லேப் பயோஸ், புதிய லேப் யூஇஎஃப்ஐ. ஒன்றுக்கான பூட் கோப்பு மற்றதில் ஓடாது. டிஎச்சிபி சர்வரில் ஒரே கோப்பின் பெயரை எழுதி வைத்தால் ஒரு லேப் ஓடும், மற்றது கறுப்புத் திரையில் நிற்கும். கணினி தன் கேள்வியிலேயே 93-ஆம் விருப்பத்தில் ஓர் எண்ணை அனுப்புகிறது: பயோஸ் என்றால் 0, 64 பிட் யூஇஎஃப்ஐ என்றால் 7 அல்லது 9. அந்த எண்ணைப் பார்த்துக் கோப்பைக் கொடுக்கும்படி சர்வரில் விதி எழுதிவிட்டால் இரண்டு லேபும் ஒரே சர்வரில் ஓடும். செக்யூர் பூட்டையும் அணைக்க வேண்டியிருந்தது. ஃபாக் கொடுக்கும் ஐபிஎக்ஸ்இ-யில் அதற்கான கையெழுத்து இருக்கவில்லை. ஒரு மாடலில் ஐபிஎக்ஸ்இ எழுந்து, சாதனங்களைத் தொடங்குகிறேன் என்று சொல்லிவிட்டு அப்படியே உறைந்தது. ஐபிஎக்ஸ்இ-யின் சொந்த டிரைவருக்கு அந்த நெட்வொர்க் சிப்போடு ஒத்துவரவில்லை. கணினியின் ஃபர்ம்வேரே தரும் டிரைவரைப் பயன்படுத்தும் இன்னொரு கோப்பை மாற்றிக் கொடுத்ததும் ஓடியது.

இனி எழுப்புவதற்கு வருவோம். உண்மையில் அதிகம் அலைக்கழித்தது இதுதான்.

அணைந்திருக்கும் கணினியை நெட்வொர்க் வழியே எழுப்பும் மேஜிக் பாக்கெட் என்ற வழியை ஏஎம்டி நிறுவனம் 1995-ல் வெளியிட்ட அறிக்கையில் விவரித்தது. அதன் எளிமை இன்றும் வியப்பைத் தருகிறது. முதலில் ஆறு பைட், எல்லாம் எஃப்எஃப். பிறகு எழுப்ப வேண்டிய கணினியின் மேக் முகவரி, தொடர்ந்து 16 முறை. மொத்தம் 102 பைட். கணினி அணைந்திருந்தாலும் பவர் சப்ளை 5 வோல்ட் ஒன்றை விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கும். அதில் விழித்திருக்கும் நெட்வொர்க் கார்டு, கடந்து போகும் பாக்கெட்டுகளில் தன் பெயர் 16 முறை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். வந்தால் மதர்போர்டைத் தட்டி எழுப்பும். ஐபி முகவரி தேவையில்லை, விண்டோஸ் தேவையில்லை.

தேவையானது ஒன்று: மின்சாரம்.

புதிய லேபில் எழுப்பும் கட்டளை மதியம் கொடுத்தால் எல்லாக் கணினியும் எழும். இரவு கொடுத்தால் ஒன்றுகூட எழாது. வயர்ஷார்க்கில் பாக்கெட் ஒழுங்காகப் போவது தெரிந்தது. இரவில் லேபைத் திறந்து உள்ளே போனபோது அவர் முதலில் பார்த்தது கணினிகளின் பின்புறத்தை. கேபிள் செருகும் இடத்தில் பச்சை விளக்கு எதிலும் எரியவில்லை. ரேக்கில் உள்ள சுவிட்சும் இருட்டாக இருந்தது. மறுநாள் எலக்ட்ரீஷியனைப் பார்த்தார்.

"அண்ணா, ராத்திரி லேப் கரண்ட்டை ஆஃப் பண்றீங்களா?"

"பின்னே என்னங்க சார்? மூணு லேபுக்கும் பிரேக்கரை எறக்கிவிட்டுட்டுத்தானுங்க சாவி குடுப்பேன். ஏதாச்சும் ஷார்ட் ஆனா என்னையத்தான கேப்பாங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. லேபில் ஏசி ஓடும் பழைய வயரிங். இரவில் ஆள் கிடையாது. பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஏசிக்கும் விளக்குகளுக்கும் தனி பிரேக்கர், அது இரவில் இறங்கும். கணினிகளும் சுவிட்சும் இருக்கும் யுபிஎஸ் லைன், இமேஜிங் நடக்கும் வாரத்தில் மட்டும் இறங்காது. மற்ற நாட்களில் எலக்ட்ரீஷியன் பழக்கப்படியே செய்யலாம். இந்த ஏற்பாட்டைத் தாளில் எழுதி முதல்வரிடம் கையெழுத்து வாங்கி மின்பலகையின் கதவில் ஒட்டினார்கள். நெட்வொர்க் பாடப் புத்தகம் எதிலும் இந்த வரி வராது. ஆனால் வேக் ஆன் லேன் எனப்படும் இந்த எழுப்பும் வழி வேலை செய்யாத கல்லூரிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான் என்பது என் துணிபு.

மின்சாரம் அறுந்து வந்த பிறகும் சில போர்டுகள் முரண்டு பிடிக்கும். கார்டு எழுப்புவதற்காக வைத்திருந்த அமைப்பை மறந்துவிடும். ஒருமுறை கணினியை ஆன் செய்து ஒழுங்காக அணைத்தால்தான் மறுபடி கேட்கத் தொடங்கும். இதற்கு பயோஸில் வேறு வழி உண்டு: மின்சாரம் திரும்பியதும் தானாகவே ஆன் ஆகு என்று சொல்லிவிடலாம். ஆனால் 60 கணினிகளும் ஒரே கணத்தில் மின்சாரத்தை இழுத்தால் யுபிஎஸ் தாங்காது. அதனால் வரிசை வரிசையாக பிரேக்கரை ஏற்ற வேண்டும். அந்த எலக்ட்ரீஷியனே இப்போது அதைச் செய்துகொடுக்கிறார்.

மின்சாரம் இருந்தும் எழாத கணினிகள் வேறு ரகம். ஐரோப்பிய ஒன்றியம், அணைந்திருக்கும் சாதனங்கள் 2010 முதல் 1 வாட்டுக்கு மேலும், 2013 முதல் அரை வாட்டுக்கு மேலும் இழுக்கக் கூடாது என்று விதித்தது. அதற்காகப் பல போர்டுகளின் பயோஸில் இஆர்பி, டீப் ஸ்லீப் என்ற பெயர்களில் ஓர் அமைப்பு வந்தது. அது இயக்கத்தில் இருந்தால் கணினி அணைந்ததும் நெட்வொர்க் கார்டுக்கும் மின்சாரம் நின்றுவிடும். நல்ல நோக்கம்தான், ஆனால் எழுப்ப நினைக்கிறவர் அதை அணைத்தாக வேண்டும். இதற்கும் அதே பச்சை விளக்குதான் சாட்சி: கணினியை அணைத்த பிறகு கேபிள் விளக்கு எரிகிறதா, இல்லையா?

விளக்கு எரிந்தும் எழவில்லை என்றால் விண்டோஸைப் பார்க்க வேண்டும். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஒன்று வந்தது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது. தன் உள் நிலையை வட்டில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கும், அடுத்த முறை வேகமாக எழுவதற்காக. அப்படி அணையும்போது எழுப்புவதற்கான அமைப்பை விண்டோஸ் கார்டில் வைத்துவிட்டுப் போவதில்லை. இந்த நிலையிலிருந்து எழுப்புவதை ஆதரிக்கவில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது. பயோஸும் டிரைவரும் ஒத்துழைத்தால் எழும், இல்லாவிட்டால் எழாது. அதனால்தான் ஒரே லேபில் ஒரு வரிசை எழுந்து இன்னொரு வரிசை தூங்கும்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பின் தொல்லை அதோடு முடியவில்லை. அப்படிப் பாதி அணைந்த வட்டைப் பிரதி எடுக்கப் போனால், இந்தப் பகுதி ஒழுங்காக மூடப்படவில்லை என்று சொல்லி ஃபாக் மறுத்துவிடும். மறுப்பது சரிதான்; எழுதி முடிக்காத நிலையில் உள்ள வட்டைப் பிரதி எடுத்து 60 கணினிகளில் இறக்கினால் கெட்டுப்போனது 60 ஆகிவிடும். எழுப்ப முடியாததும் பிரதி எடுக்க முடியாததும் இரண்டு தனித்தனிப் பழுதுகள் என்று நினைத்து இரண்டு பேர் இரண்டு பக்கம் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் மாஸ்டர் கணினியில் 'பவர்சிஎஃப்ஜி' கட்டளையால் ஹைபர்னேஷனை அணைத்தார்; அதோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் நின்றது. இரண்டும் ஒரே நேரத்தில் தீர்ந்தன.

கல்லூரி நெட்வொர்க்கைத் துறைவாரியாக விலேன் எனும் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரித்த பிறகு அடுத்த தடை. மேஜிக் பாக்கெட் எல்லாருக்கும் போகும் அறிவிப்பாகப் போவது. ரூட்டர் அதைத் தாண்ட விடாது. குறிப்பிட்ட விலேனுக்கு மட்டும் அறிவிப்பை அனுப்பும் வழி இருந்தது. அதைக் கொண்டு பிறர் நெட்வொர்க்கை மூழ்கடிக்கும் ஸ்மர்ஃப் தாக்குதல்கள் பெருகியதால் 1999-ல் வந்த ஆர்எஃப்சி 2644, ரூட்டர்கள் அதை இயல்பாகவே அடைத்து வைக்க வேண்டும் என்றது. அவர் அதைத் திறந்தார், ஆனால் ஃபாக் சர்வர் ஒன்றின் முகவரியிலிருந்து வந்தால் மட்டும். முகவரி கேட்கும் அறிவிப்பும் விலேனைத் தாண்டாது என்பதால் அதற்கு டிஎச்சிபி ரிலே வைத்தார். போர்ட் வேகத்தை 1 ஜிகாபிட் என்று கட்டிவைத்திருந்த சில போர்ட்டுகளையும் தானியங்கிக்கு மாற்ற வேண்டியிருந்தது. தூங்கும் கார்டு மின்சாரத்தைச் சேமிக்க 10 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். சுவிட்ச் இறங்காவிட்டால் இணைப்பே இருக்காது.

எழுந்தது, பூட் ஆனது, இமேஜ் இறங்கும் நேரத்தில் வட்டே தெரியவில்லை என்று லினக்ஸ் சொன்ன நாளும் உண்டு. புதிய கணினிகளில் வட்டு ரெய்டு முறையில் அமைக்கப்பட்டு வந்திருந்தது. பயோஸில் ஏஹெச்சிஐ என்று மாற்றியதும் தெரிந்தது. மாஸ்டர் கணினியில் விண்டோஸ் 11 தானாகவே வட்டைக் குறியாக்கம் செய்யத் தொடங்கியிருந்ததால் பிரதி எடுக்கும் அளவு வட்டு முழுவதற்கும் ஊதிப்போனது. குறியாக்கத்தை அணைத்த பிறகு பயன்பாட்டில் உள்ள பகுதி மட்டும் வந்தது.

எல்லாக் கணினிக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப மல்டிகாஸ்ட் உண்டு. ஒரே ஓட்டத்தை எல்லாரும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் கூட்டமாகப் பழனி மலை ஏறுகிறவர்கள் கடைசி ஆளுக்காக நிற்பதைப் போல, ஒரு கணினியின் வட்டு மெதுவாக இருந்தால் மற்ற 59-ம் அதற்காகக் காத்திருக்கும். ஒருமுறை வேகம் திடீரென்று விழுந்தபோது அவர் சர்வரைத் தொடவே இல்லை. லேபை ஒரு சுற்று நடந்து வந்தார். ஒரு கணினியின் இணைப்பு விளக்கு மட்டும் வேறு நிறத்தில் எரிந்தது. கேபிள் நுனியில் ஒரு ஜோடிக் கம்பி விட்டுப்போய் 100 மெகாபிட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதை அன்றைய ஓட்டத்திலிருந்து விலக்கியதும் மற்றவை பாய்ந்தன.

இத்தனை பழுதுகளையும் பார்த்த பிறகு எனக்குப் படுவது, இவற்றில் பாதி லேபில் பிறந்தவை அல்ல என்பதுதான். கணினி வாங்கும்போது பிறந்தவை. விலைப்புள்ளி கேட்கும் கடிதத்தில் பிராசசர், ரேம், வட்டு அளவு இருக்கும். இணைப்பு வழியே எழுமா, நெட்வொர்க் வழியே பூட் ஆகுமா என்ற கேள்வி இருக்காது. சிஸ்டம் அட்மின் கணினியை முதன்முதலில் பார்ப்பது அட்டைப் பெட்டி பிரிக்கும்போதுதான்.

கடந்த முறை வாங்கியபோது அவர் கேட்டு வாங்கிய நிபந்தனைகள் இவை. மொத்தமாக வாங்குமுன் ஒரு கணினியை மாதிரிக்குத் தர வேண்டும். முழுதாக அணைந்த நிலையிலிருந்து மேஜிக் பாக்கெட்டுக்கு அது எழ வேண்டும். யூஇஎஃப்ஐ முறையில் நெட்வொர்க் பூட் ஆகி ஓர் இமேஜை வாங்கிக் காட்ட வேண்டும். வட்டு ஏஹெச்சிஐ முறையில், டீப் ஸ்லீப் அணைத்து, ஒரே பயோஸ் பதிப்பில் எல்லாக் கணினிகளும் வர வேண்டும். ஒவ்வொரு கணினியின் மேக் முகவரியும் வரிசை எண்ணும் எக்செல் கோப்பாக வர வேண்டும். சப்ளையர் ஒரு ரூபாய்கூட அதிகம் கேட்கவில்லை. யாரும் இதுவரை கேட்டதில்லை என்றுதான் சொன்னார்.

கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் கணினி வாங்கும் குழுவில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை விலைப்புள்ளி எழுதும் கூட்டத்துக்கு உங்கள் லேப் ஆளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவர் சொல்லும் நாலைந்து வரிகளைக் கடிதத்தில் சேருங்கள். மாதிரிக் கணினி வந்தால் அவர் சரி என்று சொல்லும்வரை காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள்.